எதிர்ப்பு ஒன்று

கிளெனிஸ் ஆக்ராய்ட் பொதுநிலக் கட்சியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டு மூன்று வாரம் கழித்து, ஸ்கெல்தார்ப் கிளையின் மார்ச் மாதக் கூட்டத்தில், அவள் வழக்கமாக உட்காரும் மூன்றாம் வரிசை நாற்காலிக்கு மேலே அவளுடைய வலது கை மட்டும் உயர்ந்து நின்றது. சாம்பல் நிறக் கம்பளி மேல்சட்டையின் கைப்பகுதி, மணிக்கட்டில் வார் நைந்த கடிகாரம், விரல்களுக்கு நடுவே ஆரஞ்சு நிற வாக்கு அட்டை. முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் கிளெனிஸ் இரண்டு தெரு தள்ளித் தன் சமையலறையில், இரண்டு கைகளோடும், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் விவாதத்தில் இருந்தது கால்வாய்க் கரையில் குப்பைத் தொட்டி வைப்பது பற்றிய தீர்மானம். எதிர்ப்பவர்கள் உண்டா என்று தலைவி மோரீன் தோர்ப் வழக்கப்படி கேட்டாள். குப்பைத் தொட்டியை யார் எதிர்க்கப் போகிறார்கள் என்று தலையை நிமிர்த்தியபோதுதான் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

ஸ்கெல்தார்ப்காரர்கள் எதற்கும் அலறுகிறவர்கள் அல்லர். அன்று கூடியிருந்த பதினேழு பேரும் விதிப்புத்தகத்தைத்தான் தேடினார்கள். பொருளாளர் டெஸ்மண்ட் பிக்கிள்ஸிடம் அது எப்போதும் கைவசம் இருக்கும். மனைவியின் பிறந்தநாளை மறந்தாலும் விதி எண்களை மறக்காத மனிதர்.

“விதி பதினாலு. அரங்கத்துல உயர்த்தின கைகளை எண்ணணும்னு போட்டிருக்கு. ஆளை எண்ணச் சொல்லல, மோரீன்.”

“அது கிளெனிஸோட கைங்க. அவ வரக் கூடாதுன்னுதான் லெட்டர் போட்டாச்சே!”

“அவங்க வரல. வீட்லதான் இருக்காங்க. லெட்டர்ல கையப் பத்தி ஒரு வரி கிடையாது.”

ஆதரவு கேட்டபோதும் அந்தக் கை உயர்ந்தபடியே நின்றதால் இன்னொரு சிக்கல் வந்தது. ஒரு கை கடைசியாக எதற்காக உயர்ந்ததோ அந்தப் பக்கமே அதன் வாக்கு என்று டெஸ்மண்ட் முடிவு சொன்னார். கிளெனிஸ் அந்த அரங்கில் கடைசியாகக் கை தூக்கியது எதிர்ப்புத் தெரிவிக்கத்தான். ஆகவே குப்பைத் தொட்டித் தீர்மானம் பதினேழுக்கு ஒன்று என்று நிறைவேறியது. தேநீரும் இஞ்சி பிஸ்கட்டும் வந்தன. அரங்கத்துக்குக் கீழே இருந்த கம்பளக் கடைக்காரர் மறுநாள் ஏணியோடு வந்து கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நல்ல சூடாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கடைசி எதிர்ப்பின் கதை இது. போருக்காகவும் ஆயுதத்துக்காகவும் ஒரு பென்னி கூடச் செலவிடக் கூடாது என்பது கிளெனிஸின் நம்பிக்கை. கட்சியும் ஒரு காலத்தில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு தூரத்து நாடு ஒன்றில் போர் மூண்டது. அந்த நாட்டுக்கு ஆயுதம் அனுப்ப வேண்டும் என்று கட்சியின் ஆண்டு மாநாடு கைதட்டலோடு முடிவெடுத்தது. கிளைகள் அதை வழிமொழிய வேண்டியிருந்தது. ஸ்கெல்தார்ப் கிளையில் எதிர்த்துக் கை தூக்கியவள் கிளெனிஸ் ஒருத்தி. அதோடு நின்றிருந்தால் போயிருக்கும். அவள் உள்ளூர்ப் பத்திரிகைக்கும் ஒரு கடிதம் எழுதினாள். நாம் அனுப்புகிற குண்டு விழுகிற வீட்டிலும் யாரோ ஒருத்தி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள் என்பது அதில் ஒரு வரி. கட்சியின் பெயருக்குக் களங்கம் விளைவித்ததாக, பெயர் மறைக்கப்பட்ட ஓர் உறுப்பினர் தலைமையகத்துக்குப் புகார் அனுப்பினார். கிளெனிஸைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பத்தோரு வருடம் கிளைச் செயலாளராக இருந்தவளுக்கு இடைநீக்கக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது.

மற்றவர்களுக்குக் கட்சி என்பது கட்சி. கிளெனிஸுக்கு அது மோரீனும்தான். இருவரும் சேர்ந்து மோரீனின் சாப்பாட்டு மேசையில் தொடங்கிய கிளை அது. மழையோ பனியோ, தேர்தல் காலத்தில் இருவரும் தெருவின் இரு பக்கமாகப் பிரிந்து துண்டறிக்கை போடுவார்கள். கதவில் இருக்கும் கடிதத் துளைக்குப் பின்னால் நாய் காத்திருக்கும் வீடுகளுக்கென்று ஆளுக்கொரு மரக்கரண்டி வைத்திருப்பார்கள், விரல் போகாமல் காகிதத்தை உள்ளே தள்ள. அப்படி முப்பது தேர்தல் நடந்து ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அதைப் பற்றி இருவருக்கும் பெரிய வருத்தமும் இருந்ததில்லை. திரும்பிப் போய் அந்த நாற்காலியில், மோரீனுக்கு எதிரே உட்கார வேண்டும் என்பதைத் தவிர கிளெனிஸ் வேறெதுவும் கேட்கவில்லை. “உன்ன வேணாம்னு சொன்னவங்கள நீயும் வேணாம்னு சொல்லிட்டுப் போயேன், நிம்மதியா மீன் பிடிக்கப் போலாம்,” என்றார் கணவர் ராய். அவள் மீன் பிடிக்கப் போகவில்லை, வழக்குத் தொடுத்தாள்.

வழக்கு ஆறு வருடம் நடந்தது. முதல் இரண்டு வருடம் எந்த நீதிமன்றம் என்பதிலேயே கழிந்தது. அந்தக் காலமெல்லாம் கையும் ஓய்வெடுக்கவில்லை. மரம் நடுவதற்கும் எதிர்ப்பு ஒன்று, நூலகத்தைக் காப்பாற்றுவதற்கும் எதிர்ப்பு ஒன்று. கூட்டத்தை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால், இடம் மாற்றம் ஒருமனதாக நிறைவேற வேண்டும் என்று விதி இருபத்தி இரண்டு சொன்னது. குளிர்காலத்தில் கையின் விரல்கள் நீலம் பாரித்தன. பார்க்கச் சகிக்காமல் யாரோ ஒரு கையுறை மாட்டிவிட்டார்கள். யார் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பின்னல் மோரீனின் பின்னல் என்பது எல்லோருக்கும் தெரியும். தங்கள் முதுகுக்குப் பின்னால் ஓயாமல் ஒரு மறுப்பு நிற்பதைத் தாங்க முடியாமல் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றுபோனார்கள். பதினேழு பத்தாகி, பத்து ஆறாகியது.

நாலாவது வருடம், வழக்குக்காகக் கட்சி ஒப்படைத்த காகிதக் கட்டில் அந்தப் புகார்க் கடிதம் இருந்தது. பெயரைக் கறுப்பு மையால் அழித்திருந்தார்கள். கையெழுத்தை அழிக்க யாருக்கும் தோன்றவில்லை. முப்பத்தோரு வருடமாகக் கூட்டத் தாள்களில் பார்த்துவந்த மோரீனின் எழுத்து. கிளெனிஸ் அதை இரண்டு தரம் படித்து, மடித்து வைத்து, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மோரீனின் மருமகன் அந்தப் போர் நடக்கும் நாட்டுக்காரன். கிளெனிஸின் கடிதம் பத்திரிகையில் வந்த அதே வாரம்தான் அவன் தம்பி அங்கே கொல்லப்பட்டிருந்தான். அதைப் புகாரில் மோரீன் எழுதியிருந்தாள். கிளெனிஸுக்கு அது அதுவரை தெரியாது.

விசாரணை நாளன்று நீதிமன்ற நடைபாதையில், காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில், இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். மோரீன் அதற்குள் மெலிந்து பாதியாகியிருந்தாள்.

“அந்தப் பையன் செத்தத என்கிட்ட ஏன்டி சொல்லல?” என்றாள் கிளெனிஸ்.

“சொல்லியிருந்தா? அந்த லெட்டர எழுதாம இருந்திருப்பியா?”

கிளெனிஸ் யோசித்தாள். பொய் சொல்ல வரவில்லை. “எழுதித்தான் இருப்பேன்.”

“தெரியும். அதான் சொல்லல,” என்றாள் மோரீன். இயந்திரத்திலிருந்து எடுத்த காபியைக் குடிக்காமலேயே கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சட்டம் கேட்ட கேள்வி எளிமையானதுதான்: அவள் நம்பிக்கை உண்மையானதா, கனமானதா, முன்னுக்குப் பின் முரணில்லாததா, நாகரிக சமூகம் மதிக்கத் தக்கதா? கட்சியின் வழக்கறிஞர் அரை நாள் அவளைக் குடைந்தார். வீட்டில் எலிப்பொறி வைத்ததுண்டா என்று கேட்டார். உண்டு என்றாள். எலியைக் கொல்லலாம், படையெடுத்து வருகிறவனைக் கொல்லக் கூடாதா என்று கேட்டார். எலிக்காகவும் வருத்தப்பட்டேன் ஐயா, ஆனால் எலி என்னிடம் ஓட்டுக் கேட்டு வரவில்லை என்றாள் கிளெனிஸ். சளியால் அவதிப்பட்டுக்கொண்டிருந்த நீதிபதிகூடச் சிரித்துவிட்டார். பிறகு கட்சித் தரப்பு கை விவகாரத்துக்கு வந்தது. யாரைச் சேர்ப்பது, தங்கள் பெயரில் யார் பேசுவது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் கட்சிக்கும் உண்டு என்றார்கள். அது ஒரு புறமிருக்க, இவர் வாக்கு ஆறு வருடமாகத் தவறாமல் எண்ணப்பட்டிருக்கிறது, இவருக்கு என்ன நஷ்டம் என்று வாதிட்டார்கள். கையை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர முடியாததால் நீதிமன்றம் கம்பளக் கடைப் படியேறி வந்தது. நீதிபதி அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். அது உங்கள் கையா என்று கேட்டார்.

அவள் வழக்கறிஞர் முன்பே சொல்லி வைத்திருந்தார்: ஆமாம் என்றால் வழக்குப் போயிற்று. கிளெனிஸ் கையுறைக்குள் இருந்த விரல்களைப் பார்த்தாள். சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருந்தது, சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து ஒடிந்த விரல். “இல்லை,” என்றாள். தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். “என் கை ரெண்டும் இங்க இருக்குங்க. அது யாரோடதுன்னு எனக்குத் தெரியாது.”

அவள் வென்றாள். நம்பிக்கை சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியது. விளக்கம் கேட்காமல் விலக்கியது பாகுபாடு. அரங்கில் உள்ள கைக்கும் வாதிக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. எண்பத்து மூன்று பக்கத் தீர்ப்பு. அது வெளியானது ஒரு வெள்ளிக்கிழமை. மோரீன் அதற்கு முந்தின திங்கட்கிழமை, நுரையீரலில் வந்த புற்றுநோயால் இறந்துபோயிருந்தாள். இறுதிச் சடங்குக்குக் கிளெனிஸை யாரும் அழைக்கவில்லை. அவளும் போகவில்லை.

அடுத்த கூட்டத்துக்குக் கிளெனிஸ் மீண்டும் செயலாளராக வந்தாள். டெஸ்மண்ட் தலைவராகியிருந்தார். அவர்களைத் தவிர இரண்டே பேர். அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்தபோது அந்தக் கை தலைக்கு மேலே நிழல் விழ நின்றது. முதல் பொருள், மறைந்த கிளைத் தலைவி மோரீன் தோர்ப்புக்கு இரங்கல். இரங்கல் தீர்மானத்தின் நகலைக் குடும்பத்தாரிடம் செயலாளர் நேரில் கொடுப்பது அந்தக் கிளையின் வழக்கம். டெஸ்மண்ட் ஆதரவு கேட்டார். நாலு பேரும் கை தூக்கினார்கள். கிளெனிஸ் எல்லோருக்கும் முன்னால் தூக்கினாள். எதிர்ப்பு உண்டா என்று டெஸ்மண்ட் மேலே பார்க்காமல் கேட்டார்.

கிளெனிஸ் எழுந்து நாற்காலி மேல் ஏறினாள். அறுபத்தெட்டு வயதில் நாற்காலி ஏறுவது லேசில்லை. அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். முழு உடம்பையும் போட்டுத் தொங்கினாள். ஆறு வருடம் நின்ற கை ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. கையுறை மட்டும் கழன்று வந்தது.

“இறங்குங்க கிளெனிஸ், விழுந்துடப் போறீங்க,” என்றார் டெஸ்மண்ட். பிறகு, தன் வாழ்நாளில் முதல்முறையாக விதிப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “ஒருமனதான்னே எழுதிடுங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?”

எழுதியிருக்கலாம். அந்தக் கையைத் தன்னுடையது இல்லை என்று சொன்ன வாய்க்கு இன்னொரு பொய் பெரிதா என்ன. அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுதினாள்: ஆதரவு நாலு. எதிர்ப்பு ஒன்று. தேநீர் ஆறிப்போயிருந்தது, எல்லோரும் அதையே குடித்தார்கள்.

மறுநாள் காலை நகலை எடுத்துக்கொண்டு மோரீனின் வீட்டுக்குப் போனாள். மகள் ஷெரில் கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று கடைசி வரி வரை படித்தாள். உள்ளேயிருந்து அவள் கணவன் யாரென்று அவன் மொழியில் கேட்டான். ஷெரில் தாளிலிருந்து நிமிர்ந்தாள்.

“அம்மாவுக்கு அனுதாபம் சொல்லக்கூட ஒருத்தருக்கு மனசு வரலையா? யாருங்க அது?”

“நான்தாம்மா,” என்றாள் கிளெனிஸ்.

ஷெரில் தாளை மடித்தாள். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. ஏப்ரல் மாதக் கூட்டத்தில் முந்தைய கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்பட்டு, நாலுக்கு ஒன்று என்ற கணக்கில், சரியானது என்று ஏற்கப்பட்டது.