மருந்தில்லாத தோட்டா

வேட்டைப் பருவம் தொடங்க மூன்று நாள்களே இருந்தன. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், எங்கள் பக்கத்தில் அந்த நாள்களில் எவரும் மானைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை. நானும் பேசினேன். மற்றவர்கள் ஆசையால் பேசினார்கள். நான் அச்சத்தை மறைக்கப் பேசினேன்.

சென்ற ஆண்டின் கடைசி வேட்டை நாளில், எதிர்ச்சரிவில் நின்ற ஓர் ஆண் மானைச் சுட்டேன். தோட்டா கீழ்த்தாடையில் பட்டது. தாடை தொங்க அது மரங்களுக்குள் நடந்து மறைவதைத் தொலைநோக்கியில் பார்த்தேன். தாடை உடைந்த மான் உடனே சாவதில்லை. மேய முடியாமல் மெலிந்து, பனி விழுந்த பிறகே சாகும். அடுத்த முகட்டிலிருந்து இறங்கி வந்த தெய்ன் கேட்டபோது, "படல" என்று மட்டும் சொன்னேன். தெய்ன் என் மனைவி மார்வாவின் அண்ணன். அடிபட்ட மானைத் தேடாமல் விட்டவனை அவன் மறுபடி மலைக்கு அழைப்பதில்லை.

கோடையில் ஒரு பெரிய துப்பாக்கி வாங்கினேன், முந்நூறு மேக்னம் என்ற கனத்த தோட்டா போடும் ரகம். நானூறு கஜத்திலும் மான் நின்ற இடத்திலேயே விழும் என்றார் கடைக்காரர். சுடும்போது அது பின்னால் உதைப்பதில் என் தோள் என்னவாகும் என்று அவர் சொல்லவில்லை. முதல் இருபது தோட்டாக்களில் தோள் கறுத்துவிட்டது. அதன் பிறகு துப்பாக்கிப் பெட்டியைத் திறப்பதையே தள்ளிப்போட்டேன்.

அன்று குறி சரிபார்க்கத் தெய்னும் நானும் பழைய சரளைக் குழிக்குச் சென்றோம். தெய்னின் வண்டி முகப்பில் மணல் மூட்டையை வைத்து, நூறு கஜத்தில் காகிதத் தட்டு ஒன்றை நிறுத்தினோம். ஐந்து முறை சுட்டேன். இரண்டு, தட்டின் ஓரத்தில் பட்டன. மற்ற மூன்றும் மண்மேட்டில் எங்கோ புதைந்தன.

"என்ன மச்சான், தட்டுக்கு வலிக்குமேன்னு ஒதுக்கி ஒதுக்கிச் சுடுறியா?"

"ஸ்கோப் ஆடுது."

தெய்ன் குறிநோக்கியின் திருகுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தான். "ஸ்கோப்பு கல்லு மாதிரி இருக்கு. இங்க குடு. நானே தோட்டா போட்டுத் தர்றேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

எனக்குப் புரிந்துவிட்டது. இங்கே புதிதாகச் சுடப் பழகுபவர்களை இப்படித்தான் சோதிப்போம். வெடிமருந்துள்ள தோட்டாக்களுக்கிடையே மருந்தில்லாத ஒன்றைக் கலந்து, உள்ளே எது இருக்கிறது என்று சொல்லாமல் துப்பாக்கியைக் கொடுப்போம். வெடிக்காதபோது குழாய் அசையக் கூடாது. அசைந்தால், சுடுபவன் உதைக்கு அஞ்சுகிறான். நான் மறுத்திருக்கலாம், ஆனால் மறுப்பும் பயத்தை ஒப்புக்கொண்டதாகவே இருந்திருக்கும்.

விசையை இழுத்தேன். 'டிக்' என்றது. வெடி இல்லை, உதை இல்லை. ஆயினும் குழாயின் முனை ஒரு சாண் கீழே பாய்ந்தது. கண்களை மூடியிருந்தேன் என்பது அவற்றைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

தெய்ன் சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது.

"எப்பலேர்ந்து இப்படி, ஆர்லோ?"

"போன வருஷமே இருந்துச்சு," என்றேன். "அந்தக் கடைசி நாள் மான்... பட்டுச்சு மச்சான். தாடையில பட்டுச்சு."

அவன் துப்பாக்கியை என்னிடமிருந்து வாங்கி மணல் மூட்டைமேல் வைத்தான். "அன்னிக்கு ராத்திரி அதுக்கு ஒரு மைல் தள்ளி நான் படுத்து நல்லாத் தூங்கிருக்கேன். நீ 'படல'ன்ன."

"பயமா இருந்துச்சு."

"அதுக்குத்தான் இந்தப் பீரங்கியா?"

"பெருசா இருந்தா, எங்க பட்டாலும் விழுந்துரும்னு நெனச்சேன்."

"எங்க பட்டாலும் விழாதுடா. படவேண்டிய எடத்துல பட்டாத்தான் விழும்." அவன் வண்டியின் பின்னிருக்கையிலிருந்து சிறிய துப்பாக்கி ஒன்றை எடுத்து வந்தான். "எம் பொண்ணோடது. கட்டையில பூ ஸ்டிக்கர் ஒட்டிருக்கா, கண்டுக்காத. உதை ரொம்பக் கம்மி. ஆனா மானுக்கு எரநூறு கஜத்துக்குள்ள போயாகணும். ஊர்ந்து போ, தொப்பைக்கும் நல்லது."

பத்து முறை அவன் நிரப்பித் தந்தான். மருந்துள்ள ஐந்தும் தட்டின் நடுவே உள்ளங்கையளவு இடத்துக்குள் விழுந்தன. மருந்தில்லாத ஐந்தில் நான்கு முறை குழாய் அசையவில்லை. ஐந்தாவது முறை முனை தாழ்ந்தது, ஒரு விரலளவுதான். அந்த அளவு தாழ்ந்தாலே, எதிர்ச்சரிவில் நிற்கும் மானுக்கு மார்பில் படவேண்டிய தோட்டா வயிற்றில் பட்டு, அது மெல்லச் சாகும்.

"நாலு நல்லாருக்கே," என்றான் தெய்ன். "இன்னும் மூணு நாள் கெடக்கு. சரியாயிரும்."

"அஞ்சாவது?"

"அது சும்மா ஒண்ணு."

"அந்த ஒண்ணு எந்த மானுக்குன்னு எனக்குத் தெரியாதே மச்சான்." துப்பாக்கியைத் திறந்து, தோட்டா அறை காலியாக இருப்பதை இருமுறை பார்த்து, அவனிடமே நீட்டினேன். "இந்த வருஷம் நான் சுடல."

அவன் வற்புறுத்தவில்லை. துப்பாக்கிகளை உறையிலிட்டு, தட்டைக் கழற்றி, சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் குப்பிகளைப் பொறுக்கினான். வண்டியில் ஏறியதும் கேட்டான்.

"மலைக்கு வருவியா?"

"நீ கூப்பிட்டா."

"கறி சுமக்க ஆள் வேணும். பின்னங்கால் ரெண்டும் உனக்கு. முனகினா தலையும் உனக்குத்தான்."

வீட்டில் முதுகுப்பையிலிருந்து தோட்டாப் பெட்டிகளை எடுத்துவிட்டு, இறைச்சிப் பைகளையும் கயிற்றையும் எலும்பு ரம்பத்தையும் அடுக்கினேன். வாசலில் நின்று பார்த்த மார்வா, "துப்பாக்கி எங்க?" என்று கேட்டாள். கயிற்றைக் கீழே வைத்தேன். அவளை உட்காரச் சொல்லி, அந்தக் கடைசி நாள் மானிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.