முகவரிப் பக்கத்தில் தூங்கிப்போனவள்

அலுவலகத்தில் சின்னவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘சொல்லுங்கக்கா’. சாப்பாடு ஆர்டர் செய்யும் வெப்சைட் ஒன்றை வெளியாட்களிடம் கொடுத்து, அவர்கள் எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது அவள் வேலை. உதவி செய்யக் கூடாது, வழி காட்டக் கூடாது. யாராவது திருதிருவென்று விழித்தால் “ம், சொல்லுங்க” என்று மட்டும் சொல்லலாம்.

அன்று அந்த ஒரு வார்த்தையே அவளுக்குப் பாரமாக இருந்தது. இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த மாமியாரை இராத்திரியெல்லாம் புரட்டிப் படுக்க வைத்து, அவளுடைய இடுப்பும் விட்டுப்போயிருந்தது. கணவனுக்கு வெளியூர் வேலை. காலையிலிருந்து வந்தவர்களோ, சொல்லிவைத்தாற்போல் எல்லாரும் முகவரிப் பக்கத்திலேயே தடுக்கி விழுந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன் கடைசியாக ஒரு நர்ஸ் வந்தாள். இரவு டியூட்டி முடிந்து, மாற்று ஆள் வராததால் காலையும் வார்டில் நின்றுவிட்டு, நேரே இங்கே வந்திருந்தாள்.

“வீட்டுல எல்லாருக்கும் சாப்பாடு ஆர்டர் பண்றதா நினைச்சுக்கோங்க. மனசுல என்ன தோணுதோ அதைச் சத்தமா சொல்லுங்க.”

“மனசுலயா? கால் வலிக்குது.”

“ம், சொல்லுங்க.”

“அதான் சொல்லிட்டேனே!”

திரையில் சூப்பையும் நூடுல்ஸையும் தேர்ந்தெடுத்துவிட்டு நர்ஸ் முகவரிப் பக்கத்துக்கு வந்தாள். போன் நம்பருக்கு நடுவில் இடைவெளி விட்டாள். சிவப்பு எழுத்து வந்தது. அதுவரை அடித்த முகவரி மொத்தமும் காணாமல் போனது.

“நம்பர் தப்புன்னா நம்பரைக் கேட்க வேண்டியதுதானே? வீட்டை ஏன் அழிக்குது?”

மறுபடி அடித்தாள். மறுபடி அழிந்தது. “இருங்க, கண்ணை மட்டும் கொஞ்சம் மூடிக்கிறேன்” என்று மேஜையில் தலை சாய்த்தாள். சற்று நேரத்தில் மெல்லிய குறட்டை கேட்டது.

பக்கத்து அறையில் திரையில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த டிசைனர், “அழறாங்களா?” என்று செய்தி அனுப்பினான். “தூங்குறாங்க” என்று அவள் பதில் போட்டாள்.

“எழுப்புங்க” என்று டிசைனர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜரும் செய்தி அனுப்பினார்.

“உதவி செய்யக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க.”

எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அந்தத் தூக்கத்தைப் பார்க்கப் பார்க்க லேசாகப் பொறாமைகூட வந்தது. மேனேஜர் பொறுக்காமல் எழுந்து வந்து கதவைத் திறந்தார். நல்ல வாட்டசாட்டமான மனிதர். கதவு சுவரில் மோதியது.

“எந்த பெட்?” என்று நர்ஸ் துள்ளி எழுந்தாள்.

தண்ணீர் எடுத்துத் தரலாம் என்று எழுந்த சொல்லுங்கக்கா, “அம்மாடி” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“யாரைத் தூக்குறீங்க?” என்றாள் நர்ஸ். கேட்ட மாத்திரத்தில் தூக்கம் போய்விட்டது அவளுக்கு.

“மாமியாரை. இடுப்பு ஆபரேஷன்.”

“கையால இழுக்கிறீங்க, அதான். சார், அந்த சோபால படுங்க.”

“நானா?”

“மாமியார் உங்க அளவு இருப்பாங்களா?”

“பாதிதான்,” என்றாள் சொல்லுங்கக்கா.

“அப்ப கவலையே இல்ல.”

என்ன தோன்றியதோ, மேனேஜர் ஷூவைக் கழற்றிவிட்டுப் படுத்தார். நர்ஸ் மேஜை விரிப்பை உருவி மடித்து அவருக்கு அடியில் செருகினாள். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு குஷனை வைத்தாள். “உடம்பைப் பிடிக்காதீங்க, துணியைப் பிடிங்க. உங்க முட்டியைக் கட்டில்ல ஊணி, பின்னாடி சாயுங்க. உங்க கனமே இழுத்துக்கும். ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.”

சொல்லுங்கக்கா சாய்ந்தாள். மேனேஜர் பூசணிக்காய் போல அலுங்காமல் உருண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் டிசைனர் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. மேனேஜர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

“பகல்ல இப்படிப் படுத்து எவ்வளவு காலமாச்சு,” என்றார் சோபாவின் முதுகைப் பார்த்தபடி.

நர்ஸ் திரும்ப வந்து உட்கார்ந்து முகவரியை அடித்தாள். அதுவும் அழிந்தது. “வீட்டுக்குப் போய் நாலு முட்டையை உடைச்சு ஊத்திக்கிறேன், ஆளை விடுங்க” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பிறகு மேனேஜர் டிசைனரைக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தை இன்றைக்கே மாற்றச் சொன்னார். காலையிலிருந்து சொல்லுங்கக்கா அனுப்பிய குறிப்புகளுக்கு அசையாதவர்.

வீடு திரும்பும் வழியில் சொல்லுங்கக்கா டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டாள். சாயங்காலம் மாமியாருக்கு அடியில் பழைய போர்வையை மடித்து விரித்தாள். முட்டியை ஊன்றிப் பின்னால் சாய்ந்தாள். மாமியார் முனகாமல் புரண்டார்.

“வலிச்சுதா அத்தை?”

“இல்ல.” மாமியார் கொஞ்சம் யோசித்தார். “இவ்வளவு சுலபம்னா இத்தனை நாளா ஏன் என்னைப் போட்டு அந்தப் பாடு படுத்தினே?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தள்ளிப் படுக்கச் சொல்லாமலே கட்டிலின் ஓரத்தில் ஒருக்களித்துச் சாய்ந்தாள். மாமியார் போர்வையின் ஒரு நுனியை அவள் பக்கம் இழுத்து விட்டார்.