பத்தொன்பது நாள் கழித்து வலித்த கை

சலவை ஆலையில் இஸ்திரி போடும் பெண்ணுக்கு உடம்பில் எது பட்டாலும் சரியாகப் பத்தொன்பது நாள் கழித்துத்தான் உறைக்கும். தொட்டாலும் அப்படித்தான், சுட்டாலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் வாங்கிய பிரம்படிக்கு விடுமுறையில் அழுதாள். கணவன் முதன்முதலாகத் தோளில் கைபோட்டதற்கு, என்றைக்கோ ஒருநாள் பஸ்ஸில் தனியாக நின்றபடி வெட்கப்பட்டாள். தோலுக்கடியில் இருக்கும் நரம்பு, பட்ட சேதியை முதுகுத்தண்டு வழியாக மூளைக்கு ஓடிச் சொல்ல வேண்டும், இவளுக்கு அது நடந்து போகிறது என்றார் ஆலை மருத்துவர். நடந்தாலும் இத்தனை நாளாகாது, வழியில் எங்கோ உட்கார்ந்து கதையளக்கிறது என்பது கணவனின் கட்சி. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. சூடு பட்டால், வலி வரவேண்டிய தேதியில் ‘இடது கட்டைவிரல், கொப்புளம்’ என்று காலண்டரில் எழுதிவைத்து அன்றைக்கு லீவு போட்டுவிடுவாள். மேற்பார்வையாளரும் காரணம் கேட்பதை என்றோ விட்டுவிட்டார்.

கணவன் அதே ஆலையில் பாய்லர் பார்த்தவன். ஒரு திங்கட்கிழமை காலை நீராவிக் குழாய் வெடித்து, சாய்ந்த இரும்புச் சட்டத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டான். ஓடிவந்தவர்கள் நீட்டிய கைகள், ஆவி பட்டதும் யாரையும் கேட்காமல் தாமாகவே பின்னுக்கு வந்துவிட்டன. அவர்களைக் குறை சொல்ல முடியாது, உடம்பின் ஏற்பாடு அப்படி. இவள் கை மட்டும் திரும்பவில்லை. முழங்கைவரை ஆவிக்குள் விட்டு, அவன் கையைப் பற்றி இழுத்துக்கொண்டே இருந்தாள். வெளியே கொண்டுவந்தபோது அவனுக்கு உயிரில்லை.

ஆவிக்குள் தன் கையை அவளால் பார்க்க முடியவில்லை. அவன் விரல்கள் என்ன செய்தன என்பது தெரியவில்லை. பயத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பான் என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். அப்படியானால், தன்னையே நம்பிப் பிடித்தவனைக் காப்பாற்றாமல் போனோமே என்ற நினைப்பு அவள் நெஞ்சை அறுத்தது. பத்தொன்பதாம் நாள் காலையில் தோளில் ஊசி போட்டுக் கையை மரத்துப்போக வைக்கலாம், இல்லாவிட்டால் வருகிற வலியில் இதயமே நின்றுவிடலாம் என்று மருத்துவர் எச்சரித்தார். ஒருமுறை தவறவிட்ட சேதி திரும்ப வராது என்பதையும் அவரே சொன்னார்.

“அப்பாவும் போயிட்டாரு. நீயும் போயிடாதம்மா, ஊசி போட்டுக்கோ” என்றாள் மகள்.

“ஊசி போட்டா சூடு மட்டுமா நிக்கும்? உங்கப்பா கையும்தான் வராம போயிடும்.”

சனிக்கிழமை வந்தது. அலறல் கேட்டால் பதற வேண்டாம் என்று பக்கத்து வீடுகளில் சொல்லிவைத்தாள். மேஜைமேல் வலது கையை நீட்டி உட்கார்ந்தாள். புண் ஆறித் தோல் உரிந்துகொண்டிருந்தது. ஒன்பதே காலுக்கு முதலில் தொடுதல் வந்தது, அதுதான் வேகமான சேதி. பின்னாலேயே சூடு வந்தது. அன்றைக்குத் துள்ளியிருக்க வேண்டிய கை இன்றைக்குத் துள்ளியது. வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அந்தத் தீக்குள் அவன் விரல்களைத் தேடினாள். மயங்கிவிடக் கூடாது என்பதில் மட்டும் குறியாக இருந்தாள். பன்னிரண்டு நிமிடம் அப்படியே கழிந்தது.

பிறகு துண்டைத் துப்பிவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

“அவரு என்னைப் பிடிக்கலடி. ஒவ்வொரு விரலாப் பிரிச்சு விட்டுக்கிட்டே இருந்திருக்காரு, நீ போன்னு.”

“நீ?”

“நான் விடல.”

மகள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு அது போய்ச்சேரப் பத்தொன்பது நாளாகும் என்று தெரிந்தே, நெடுநேரம் வைத்திருந்தாள்.