வேலைக்குப் போகிற அம்மாவின் உருண்டை சூப்

என் தங்கை என் வீட்டுக்கு சூப் வைப்பதைப் படம் எடுக்க வந்தாள். சூப்பையும் எடுத்துக்கொண்டாள், கொஞ்ச நாளில் என் மகளையும் எடுத்துக்கொண்டாள். சூப் போனால் போகட்டும், மாவையும் தண்ணீரையும் யார் வேண்டுமானாலும் கொதிக்க வைக்கலாம். பெற்ற பிள்ளையை அப்படி விட முடியுமா?

எடுத்த எடுப்பிலேயே கத்துகிறாளே என்று நினைக்காதீர்கள். முழுவதும் கேட்டால் நீங்களும் கத்துவீர்கள்.

நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், வீட்டுக்கு வருவதே விருந்தாளி மாதிரிதான். ஒரே மகள், மூன்றாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் என்ன பெயரோ இருக்கட்டும், எங்களுக்கு அவள் சிட்டு. சாயங்காலம் பள்ளி விட்டதும் கீழ்வீட்டில் போய் உட்கார்ந்திருப்பாள். நான் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டதும் ஓடி வருவாள். பூட்டில் சாவியை நுழைப்பதற்குள் "பசிக்குதும்மா" வந்துவிடும்.

அந்த நேரத்துக்கென்று நானாகப் பழக்கிக்கொண்டதுதான் உருண்டை சூப். வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெங்காயம், கேரட், முதல் நாள் மிஞ்சின கோழி இருந்தால் அதையும் பிய்த்துப் போட்டு அடுப்பில் ஏற்றிவிடுவேன். அது கொதிப்பதற்குள் ஒரு கிண்ணத்தில் மைதா, கொஞ்சம் பேக்கிங் பவுடர், உப்பு, ஒரு முட்டை, கெட்டியாகப் பிசைய வேண்டிய அளவுக்குப் பால். பிசைந்த மாவை ஸ்பூனால் எடுத்துக் கொதிக்கிற சூப்பில் சின்னச் சின்ன உருண்டையாகப் போட்டு, மூடியைப் போட்டு, தீயைக் குறைத்துவிட்டு நான் குளிக்கப் போய்விடுவேன். வேறு வழியில்லை. நாளெல்லாம் ரத்தமும் மருந்தும் பட்ட விரிப்புகளை அள்ளிப் போட்டவள், அந்த உடம்போடு பிள்ளையைத் தொட முடியுமா? பிளீச்சிங் பவுடர் நாற்றம் தலைமுடி வரைக்கும் ஏறியிருக்கும். குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வந்து திறந்தால் உருண்டைகள் பஞ்சு மாதிரி உப்பி மேலே வந்து நிற்கும்.

ஒன்றே ஒன்றுதான் விஷயம், நடுவில் மூடியைத் திறக்கவே கூடாது. உருண்டையின் மேல்பக்கம் வேகிறதே ஆவியில்தான். இடையில் திறந்து பார்த்தால் பொதுக்கென்று அமுங்கிப் போய், உள்ளே பச்சை மாவு பல்லில் ஒட்டும். சிட்டுவுக்குக்கூட அது தெரியும். அடுப்படி வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருப்பாள், தொட மாட்டாள்.

என் தங்கை போனில் சமையல் வீடியோ போடுகிறவள். அவள் வீட்டுக்காரருக்கு வியாபாரம், மாதத்தில் பாதி நாள் வெளியூர். பிள்ளை இல்லை. அடுப்படி மட்டும் என் வீடு மொத்தமும் உள்ளே போகிற அளவுக்கு இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் வந்தவள், சிட்டு சூப் குடிக்கிற அழகைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, இதை வீடியோ போடலாம்க்கா. வேலைக்குப் போற அம்மாங்களுக்கு ஈசியா ஒரு சூப். சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்."

"எங்கடி போகும்?"

"போக்கா, உனக்கு ஒண்ணும் தெரியாது."

அடுத்த லீவு நாளில் விளக்கு, கேமரா வைக்கிற முக்காலி, துணிப்பை என்று மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினாள். வந்தவுடன் என் பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிப் பாத்ரூமில் போட்டாள். கதவில் தொங்கிய என் யூனிபார்மை எடுத்துச் சுருட்டி வைத்தாள். மேஜைக்குப் பூப்போட்ட துணி வந்தது. கேமரா முன்னால் என்னைத்தான் முதலில் நிற்க வைத்தாள். திரையைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"தப்பா நினைக்காதக்கா. முகம் ரொம்ப சோர்வா தெரியுது. வேலைக்குப் போற அம்மான்னா பார்க்க ஃப்ரெஷ்ஷா இருக்கணும்."

வேலைக்குப் போகிற அம்மா நான். ஃப்ரெஷ்ஷாக இருந்தது அவள். சரி, நீயே நின்று தொலை என்று ஒதுங்கிக்கொண்டேன்.

நின்றாள், மாவைப் பிசைந்தாள், போட்டாள், மூடினாள். பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று கண்ணாடி மூடி வாங்கி வந்திருந்தாள். அது உள்ளே ஆவி படிந்து மறைத்துவிட்டது. உடனே படக்கென்று மூடியைத் தூக்கிவிட்டாள்.

"அடிப்பாவி, திறக்காதடி!"

"ஒரே ஒரு செகண்டுக்கா, உள்ள காட்டணும்ல?"

உருண்டை படுத்துவிட்டது. மறுபடி மாவு, மறுபடி மூடி, மறுபடி திறப்பு. சொன்னால் கேட்கிற ஜென்மமா? கடைசியில் நான் தனியாக நாலு உருண்டையை வேக வைத்துக் கொடுத்தேன், அதை மேலாக மிதக்கவிட்டுப் படம் எடுத்தாள். "மாவு வேகறதுக்குள்ள ஒரு குளியல் போட்டுட்டு வாங்க, உங்களுக்குன்னு கொஞ்சம் நேரம் ஒதுக்கின மாதிரியும் ஆச்சு" என்று கேமராவைப் பார்த்து இனிக்க இனிக்கச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் குளிக்கிற குளியல் என்ன குளியல் என்று இவளுக்குத் தெரியுமா?

பசியோடு காத்திருந்த சிட்டுவைக் கடைசியில் மேஜையில் உட்கார வைத்து ஊட்டிவிட்டாள். பிள்ளை கண்ணை மூடி மென்றுவிட்டு "சூப்பர்!" என்றது. தங்கை துள்ளிக் குதித்தாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வீடியோ ஓடியது என்று அப்புறம் சொன்னாள்.

அந்த மாதமே எனக்கு ஷிப்ட் மாறியது. மத்தியானம் போனால் ராத்திரிதான் வர முடியும். கீழ்வீட்டில் எவ்வளவு நேரம் பிள்ளையை வைத்திருப்பார்கள்? தங்கைதான் சொன்னாள்.

"உன் ஷிப்ட் மாறுற வரைக்கும் சிட்டு என்கிட்ட இருக்கட்டும்க்கா. ஸ்கூலும் எனக்குத்தான் பக்கம். நான் வீட்டுலயேதானே இருக்கேன்?"

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். சொந்தச் சித்தி வீடு, என்ன குறை? வீட்டுக்காரரும் போனில் "நல்லதுதான், விடு" என்றார். அவருக்கு எதுவுமே நல்லதுதான், விடுதான்.

பழைய ஷிப்ட் திரும்பக் கிடைத்தது. கூட்டிவர வருகிறேன் என்றேன். "பரீட்சை முடியட்டும்க்கா" என்றாள். பரீட்சை முடிந்தது. "சளி பிடிச்சிருக்கு, அலைய வைக்காத" என்றாள். சளியும் போனது. "இந்த வாரம் ஒரு வீடியோ ஒத்துக்கிட்டேன்க்கா, அது மட்டும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் பிள்ளை புதுச் சட்டையில், தலையில் கிளிப்போடு, என்னைப் பார்த்துச் சிரிக்கும். "வரியாடி வீட்டுக்கு?" என்றால் சித்தி முகத்தைப் பார்க்கும். இன்னும் கொஞ்ச நாள் விட்டால் இவள் வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துபோனது. தெரிந்தும் சொந்தத் தங்கையிடம் சண்டை போட வாய் வரவில்லை.

வர வைத்தது என் ஜோடிக்காரிதான். சலவைப் பிரிவில் ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, உருளை மெஷினுக்குள் விட வேண்டும். என் எதிர்முனையைப் பிடிப்பவள் பார்க்காத வீடியோ கிடையாது. இடைவேளையில் டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்தம்மாவைப் பாரேன். இவளும் நம்மள மாதிரி வேலைக்குப் போறவதான். வீட்டை எப்படி வச்சிருக்கா, பிள்ளையை எப்படி வச்சிருக்கா! நாமளும்தான் இருக்கோம், சிடுசிடுன்னு."

போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். என் தங்கை, கண்ணாடி மூடி, என் சூப். மேஜையில் என் மகள். ஒரு வாய் வாங்கி, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "சூப்பர்மா! வேலைக்குப் போயிட்டு வந்தும் எவ்வளவு டேஸ்ட்டா பண்றீங்க!" என்றாள்.

என் தங்கையைப் பார்த்து அம்மா என்றாள்.

"அம்மாவும் பொண்ணும் ஒரே சாயல்னு எத்தனை பேர் எழுதியிருக்காங்க பாரு" என்றாள் ஜோடிக்காரி.

ஒரே சாயல் இல்லாமல் என்ன? என் முகச்சாயல்தானே என் தங்கைக்கும்! என் கையிலிருந்த டீ யூனிபார்மில் கொட்டியது. உடம்பு சரியில்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, குளிக்காமல் கொள்ளாமல் அப்படியே பஸ் ஏறினேன். பக்கத்துச் சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். போனால் போ என்று இருந்தேன்.

தங்கை வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு எரிகிறது, வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறாள். சிட்டு வாயில் உருண்டை. மெல்லுகிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, உள்ளே மாவு பச்சையாக இருக்கிறது.

"துப்புடி அதை!" என்று கத்தினேன்.

சிட்டு பயந்துபோய் விழுங்கிவிட்டாள்.

"அக்கா, ஷாட்ல வந்து நிக்கிறியே!" என்றாள் தங்கை.

"ஷாட்டாவது மண்ணாவது. அம்மான்னு சொல்லிக் குடுத்தது யாருடி?"

"வீடியோவோட பேரே வேலைக்குப் போற அம்மாதானேக்கா. சித்தின்னு கூப்பிட்டா பார்க்கறவங்களுக்கு எப்படிப் புரியும்?"

"நீ எந்த வேலைக்குடி போற? ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் மூட்டையைத் தூக்கிப் பாரு. அப்புறம் குளிக்கப் போலாம், உனக்குன்னு நேரம் ஒதுக்கலாம்!"

"எல்லாத்தையும் நான் பிடுங்கிட்ட மாதிரி பேசாதக்கா." அவள் கேமராவை நிறுத்தினாள். "இவ சாப்பிடறப்பதான் இந்த வீட்டுல மனுஷங்க இருக்கிற மாதிரி இருக்கு. உனக்கு அது புரியாது."

ஒரு நொடி பாவமாகத்தான் இருந்தது. அதற்காகப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக நான் என்ன தர்மப்பிரபுவா?

"கிளம்புடி, வீட்டுக்குப் போகலாம்" என்று சிட்டுவின் கையைப் பிடித்தேன். அவள் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் முடியலம்மா. நீ கெடுத்துட்டே. முதல்லேருந்து சாப்பிடணும்."

"நல்லாவே இல்லாததை எதுக்குடி சாப்பிடறே?"

"நல்லா இல்லதான்." அழ ஆரம்பித்துவிட்டாள். "ஆனா சித்தி பக்கத்துல உக்காந்து சாப்பிடறாங்க. நீ போட்டுக் குடுத்துட்டு துணி துவைக்கப் போயிடுவே. நீ உக்காரவே மாட்டே."

தங்கை குனிந்து விளக்கின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நாலு பேர் செய்கிற வேலையை ஒருத்தி செய்தால் எப்படியடி உட்காருவது என்று கேட்டிருக்கலாம். எட்டு வயசுப் பிள்ளையிடம் அந்த நியாயத்தைக் கொண்டுபோய் என்ன செய்ய? அவள் புத்தகப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். தங்கை தடுக்கவில்லை. பஸ்ஸில் சிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். நான் நாறியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் கையை மட்டும் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு சூப்பை ஏற்றினேன். உருண்டை போட்டு மூடினேன். குளிக்கப் போகாமல், சிட்டுவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். துவைக்க வேண்டியது மூலையில் கிடந்தது, கிடக்கட்டும் என்று விட்டேன். மூடி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வெந்தது என்று தோன்றியதும் எழுந்து திறந்தேன். நன்றாக உப்பியிருந்தது. இரண்டு கிண்ணத்தில் ஊற்றி எடுத்து வந்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்து, முதல் ஸ்பூனை நானே குடித்தேன், அவள் பார்க்கட்டும் என்று.

சிட்டு ஒரு உருண்டையை எடுத்து ஊதினாள். பாதி கடித்தாள். கண்ணை மூடித் திறந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, என்னைப் பார்க்காமல், என் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"சூப்பர்மா! வேலைக்குப் போயிட்டு வந்தும் எவ்வளவு டேஸ்ட்டா பண்றீங்க!"

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. மீதி உருண்டை ஸ்பூனில் இருந்தது, சாப்பிடவில்லை. எதற்கோ காத்திருந்தாள்.

"என்னடி?"

"சரியா வந்துச்சாம்மா? இல்ல இன்னொரு தடவை சொல்லணுமா?"

அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இறங்கவில்லை.

"சரியா வந்துச்சு. சாப்பிடு" என்றேன்.

அதற்கப்புறம்தான் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டாள்.