ஆத்தங்கரை கோலில் ஒரு மேட்டுக்காரர்

மேட்டு டிவிஷன்காரர்களைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால், அவர்கள் வாயிலேயே போட்டிருப்பேன். அந்தக் கூட்டத்தில்தான் நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்பது வேறு விஷயம். மே தினத்தன்று மட்டும் எனக்குப் புருஷனும் கிடையாது, மாமியாரும் கிடையாது. அன்றைக்கு நான் ஆத்தங்கரை.

கோலசிலாங்கூர் பக்கம், புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் தோட்டம். தோட்டம் ஒன்று, டிவிஷன் இரண்டு. ஆற்றை ஒட்டியது ஆத்தங்கரை, மேலே இருப்பது மேடு. நடுவில் மாரியம்மன் கோயில், கோயிலுக்குப் பக்கத்தில் திடல். அந்தக் காலத்தில் நடராஜா என்ற கணக்கெழுதும் கிராணி ஒரு கால்பந்து வாங்கி, இரண்டு டிவிஷன் பையன்களும் ஒற்றுமையாக விளையாடட்டும் என்று கொடுத்தாராம். பாவம், யாழ்ப்பாணத்து மனிதர், எங்களைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. ஒரே வாரத்தில் பந்துக்காக மண்டை உடைந்தது. இரண்டு டிவிஷன் மேஸ்திரிகளான மண்டோர்கள் இருவரையும் கூப்பிட்டு, மே தினத்தன்று ஆடுங்கள், ஜெயித்தவர்கள் ஒரு வருஷம் பந்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். சண்டையை நிறுத்தத்தான் சொன்னார். இன்றுவரை நிற்கவில்லை.

பிறகு பந்து போய்ச் சுழற்கிண்ணம் வந்தது. ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. ஆட்டத்தின் சட்டங்கள் மட்டும் மாறவில்லை. எந்த டிவிஷனில் பிறந்தாயோ அந்த டிவிஷனுக்குத்தான் ஆட வேண்டும். கல்யாணம் கட்டிப் போனாலும், புக்கிட் செந்தோசாவில் வீடு வாங்கிப் போனாலும் கட்சி மாறாது. ஆட்டத்துக்கு முன் பதினோரு பேரும் அம்மன் முன்னால் வரிசையாக நின்று கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட வேண்டும். ஓர் ஆள் குறைந்தாலும் ஆட்டம் இல்லை, தோல்விதான். சாயங்காலம் கோயில் கொட்டகையில் ஆட்டுக்கறிச் சாப்பாடு. ஜெயித்தவர்கள் உட்காருவார்கள், தோற்றவர்கள் பரிமாறுவார்கள்.

போன இரண்டு வருஷமும் நான் பரிமாறினேன். என் வீட்டுக்காரர் கணேஸ்வரன் ஜெயித்த பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, இலையைத் தட்டிக் காட்டி, “கொழம்பு பத்தல திலகம், இன்னும் ஊத்து” என்று சொல்வார். இரண்டு வருஷமும் அதே வார்த்தை, அதே இளிப்பு. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அவருக்கு ரசம் மட்டும்தான் வைத்தேன்.

அதனால் இந்த வருஷம் எனக்கு வயிற்றில் நெருப்பு. தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தால் சுழற்கிண்ணம் நிரந்தரமாக அவர்களுக்குப் போய்விடும். மேட்டில் இன்னும் வீடுகள் இருக்கின்றன, பெயர்ப்பலகை இருக்கிறது. எங்கள் லயத்து வரிசை வீடுகளை இடித்தபோது பலகை, தகரம் எல்லாவற்றையும் லோரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். ஆத்தங்கரை என்ற பெயர் எழுதியிருக்கிற ஒரே இடம் அந்தக் கிண்ணம்தான். அதை ஏதோ ஒரு மேட்டுக்காரன் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் வைக்க நான் விடுவேனா? எங்கள் அணிக்கு நான்தான் பொறுப்பு. ராவாங்கில் வேலை செய்கிறவன், தஞ்சோங் காராங்கில் கடை வைத்திருக்கிறவன் என்று ஆள் ஆளாக போன் போட்டு, கெஞ்சி, திட்டி, பதினோரு பேரைச் சேர்த்தேன். பன்னிரண்டாவது ஆள் கிடைக்கவில்லை.

மே தினம் காலையில் எங்கள் கோல்கீப்பர் செல்வா, புக்கிட் செந்தோசாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது ஒரு வளைவில் சறுக்கி விழுந்துவிட்டான். உயிருக்கு ஒன்றுமில்லை, மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு நேராகத் திடலுக்கே வந்தான். ஒரு கையால் பிடிக்கிறேன் அக்கா என்றான். அவனைப் பிடித்து நிழலில் உட்கார வைத்துவிட்டு நான் ஜெர்சிப் பையைத் தூக்கித் தரையில் அடித்தேன். பத்துப் பேர். கற்பூர வரிசைக்கு ஓர் ஆள் குறைவு.

அப்போது மேட்டு அணிக்குத் தலைவர் காளியண்ணன் மாமா எங்கள் பக்கம் நடந்து வந்தார். டிராக்டர் ஓட்டுகிறவர், கறாரான ஆள். எகத்தாளமாக ஏதாவது சொல்லப் போகிறார் என்று நான் பதில்களை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டேன்.

அவர் செல்வாவின் கையைப் பார்த்தார். எங்கள் பத்துப் பேரைப் பார்த்தார். “ஆடாம கிண்ணத்த தூக்கிட்டுப் போனா எங்க பயலுவ மூஞ்சிய நான் எப்படிலா பாக்குறது?” என்றார். “எங்க ஆளு ஒருத்தன தாரேன். யாரு வேணும்னு நீயே சொல்லும்மா.”

பிறப்புச் சட்டம் என்னாவது என்று கேட்டேன். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால் அம்மன் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்றார்.

எங்கள் ஆட்கள் என் காதைக் கடித்தார்கள். குமணனைக் கேளுங்கள், அவன் இல்லாவிட்டால் மேட்டில் கோல் போட ஆளே கிடையாது என்றார்கள். குமணன் என் கொழுந்தன். கேட்டிருந்தால் காளியண்ணன் மாமா கொடுத்திருப்பார், சொன்ன சொல் மாறாத மனிதர். ஆனால் கொடுக்க வந்தவரின் வலது கையை வெட்டிக் கேட்கிற அளவுக்கு ஆத்தங்கரை தரம் தாழ்ந்துவிடவில்லை. ஆட்டத்தை விட்டு ஒதுங்கிவிட்ட பழைய கோல்கீப்பர் ஒருவர் எதிரே கொட்டகையில் அம்மாவோடு உட்கார்ந்து அவித்த கடலை தின்றுகொண்டிருந்தார்.

“என் வீட்டுக்காரர குடுங்க மாமா” என்றேன்.

திடலே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கடலையை மடியிலேயே போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மேட்டுக் கோலில் பல வருஷம் நின்றவர். பந்தை விட்டால் பெண்டாட்டி டிவிஷனைக் கவிழ்த்தான் என்பார்கள். பிடித்தால் பிறந்த டிவிஷனைக் கவிழ்த்தான் என்பார்கள். அது எனக்கும் கேட்ட பிறகுதான் உறைத்தது. இன்னொன்றும் உறைத்தது. அவர் ஒரு பந்தைத் தவறவிட்டால், வேண்டுமென்றே விட்டாரா என்று நான் ஆயுசுக்கும் யோசித்துக்கொண்டிருப்பேன். சோறு போடும்போது யோசிப்பேன், பக்கத்தில் படுத்திருக்கும்போது யோசிப்பேன். கிண்ணம் போவதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் கேட்டாகிவிட்டது.

முடிவை என் மாமியார் வேலம்மா சொன்னார். மேட்டில் பிறந்து மேட்டிலேயே கட்டிக்கொண்டவர், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மேட்டு அணியின் நீலத்திலேயே சேலை கட்டுகிறவர். மகனின் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

“போடா. நின்னா ஒழுங்கா நில்லு. வேணும்னே பந்த வுட்டுட்டு வந்தே, என் ஊட்டுல உனக்குச் சோறு கெடையாது.”

எங்கள் ஜெர்சி என் வீட்டுக்காரர் வயிற்றுக்கு எட்டவில்லை. இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு பதினோராவது ஆளாக வரிசையில் நின்று கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு என்ன வேண்டினார் என்று இன்றைக்கும் சொல்லவில்லை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மேடு ஒரு கோல் போட்டது. பந்து இவர் காலுக்கு அடியில் புகுந்து போனது, இவர் குனிவதற்குள் உள்ளே போய்விட்டது. எனக்குப் பின்னால் நின்ற எங்கள் ஆள் ஒருவன், வேண்டுமென்றே விட்டதற்கு இவருக்கு ராத்திரி வீட்டில் பாயசம்தான் என்றான். திரும்பி நான் பார்த்த பார்வையில் அவன் வேறு இடம் பார்த்துப் போனான். வெளியே அப்படி முறைத்தேனே தவிர, உள்ளே அதே கேள்விதான் எனக்கும் ஓடியது. அதற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது.

அதன்பிறகு அவர் ஒன்றையும் விடவில்லை. தொப்பையோடு விழுந்தார், எழுந்தார், முழங்கை தோல் உரிந்து ரத்தம் வந்தது. எங்கள் பையன்களை மேட்டுப் பாஷையிலேயே திட்டித் திட்டி நிறுத்தினார். இடைவேளைக்குப் பிறகு நாங்கள் இரண்டு கோல் போட்டோம். இரண்டாவது கோல் விழுந்தபோது நான் செல்வாவின் முறிந்த கையைப் பிடித்து ஆட்டிவிட்டேன், அவன் அலறியது மேடு வரைக்கும் கேட்டிருக்கும்.

முடிய ஒன்றிரண்டு நிமிஷம் இருக்கையில் எங்கள் பையன் ஒருவன் கோலுக்கு முன்னால் பந்தைக் கையால் தட்டிவிட்டான். ரெஃப்ரி ஊதினார். பெனால்டி. அடிக்க வந்தவன் குமணன்.

அண்ணன் கோலில், தம்பி பந்துக்குப் பின்னால். சின்ன வயதில் லயத்து வாசலில் பால்டின்னை உதைத்து விளையாடியவர்கள். குமணன் எப்போதும் தன் வலது பக்கம்தான் அடிப்பான், அது அவருக்குத் தெரியும். தெரியும் என்பது குமணனுக்கும் தெரியும். எனக்குக் கிண்ணம் மறந்தே போனது. விட்டாலும் பரவாயில்லை தாயே, மனசறிந்து விடாமல் இருக்கட்டும் என்று கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன்.

குமணன் ஓடி வந்து அடித்தான், தன் வலது பக்கம், முழு பலத்தோடு. தம்பியும் ஏமாற்றவில்லை. இவர் அந்தப் பக்கமே உடம்பு மொத்தத்தையும் எறிந்தார். இரண்டு முஷ்டியிலும் பட்டு, பந்து கம்பத்துக்கு வெளியே செம்பனை மரங்களுக்குள் போய் விழுந்தது.

முதலில் கேட்ட கைதட்டல் எங்கள் பக்கத்திலிருந்து வரவில்லை. என் மாமியார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். விசில் ஊதியதும் மேட்டுக்காரர்கள்தான் முதலில் ஓடிவந்து என் வீட்டுக்காரரைத் தோளில் தூக்கினார்கள். மேட்டு உதையைப் பிடிக்க மேட்டுக்காரன்தான் வேண்டும் என்று காளியண்ணன் மாமா திடல் முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தார். இந்தக் கொழுப்பை என்னவென்று சொல்வது? தோற்ற பிறகும் எங்கள் வெற்றியில் பாதியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களை உலகத்தில் வேறு எங்கேயும் பார்க்க முடியாது. நான் கிண்ணத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அழுதேன். பெருமையில்தான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

சாயங்காலம் பந்தியில் ஆத்தங்கரை முழுவதும் உட்கார்ந்தது. எனக்குப் பக்கத்தில் ஓர் இலை போட்டு வைத்திருந்தேன். கற்பூரத்துக்கு எங்கள் வரிசையில் நின்றவர், எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியவர். பையன்கள் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர் ஜெர்சியைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தார்.

“இன்னிக்கு உங்களுக்கு நின்னேன். பொறந்தது மேட்டுல. மேடு தோத்திருக்கு, நான் பரிமாறணும்” என்றார்.

குழம்பு வாளியைக் கையில் எடுத்துக்கொண்டார். முழங்கையில் துணி சுற்றியிருந்தது. வரிசையின் முதல் இலையிலிருந்து ஒவ்வொருவருக்கும் குனிந்து பரிமாறிக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் குமணன் சோற்றுக்கூடையோடு வந்தான். என் இலைக்கு வந்து ஒரு கரண்டி ஊற்றிவிட்டு நகரப் போனார்.

இரண்டு வருஷமாகத் தேக்கி வைத்திருந்த வார்த்தை. சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். இலையை மட்டும் தட்டிக் காட்டினேன்.

“கொழம்பு பத்தலங்க” என்றேன். “இன்னும் ஊத்துங்க.”

இலையைத் தாண்டி வழிகிற வரைக்கும் ஊற்றினார்.