முதுகில்லாத கவுன்

அந்தக் கவுனுக்கு முதுகே இல்லை. செசிலியா மறுபடியும் அதைப் புரட்டிப் போட்டுப் பார்த்தாள். முன்பக்கம் கழுத்திலிருந்து கால்வரை சரிகைப் பூவும் கண்ணாடிச் சில்லுமாக மினுங்கியது. பின்பக்கம் இரண்டு நாடா, அவற்றுக்குக் கீழே மாவுச் சாக்குத் துணி, அவ்வளவுதான். இடப்பக்கம் கையிடுக்கிலிருந்து இடுப்பு தாண்டி தையலே போடவில்லை. யாரோ பாதியில் சோறு தின்ன எழுந்து போய்த் திரும்பி வராத மாதிரி இருந்தது.

"இதப் போயி ராணி உடுப்புங்கிறாங்க!" என்றாள் உள்ளறையைப் பார்த்து.

உள்ளே அவள் கணவன் லியோனார்ட் வயலினுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தான். "மெதுவா பாரு செசி. இன்னும் நாள் இருக்கு," என்றான்.

மெதுவா. அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சண்டைக்கு முன்னால் சிங்கப்பூரில் எடுத்த ஒரு மாயாஜாலப் படத்தில் சந்திரலோகத்து ராணி அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு வானத்தில் பறந்தாள். இவர்கள் ஊரான ரெங்கத்தில் அதைப் பார்க்காதவர்கள் இல்லை. ஜப்பான்காரன் குண்டு போட்டதும் படக் கம்பெனிக்காரர்கள் போட்டது போட்டபடி ஓட, நாடகக் குழு நடத்தும் சதாசிவம் எப்படியோ கவுனைக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். இப்போது அது பூஞ்சணம் பிடித்து, தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. அதைப் பார்த்து, கொசுவலையில் அதே மாதிரி ஒன்று தைத்துத் தர வேண்டும்.

செசிலியாவுக்கு நாடகத்தில் ஆசை எதுவும் கிடையாது. லியோனார்ட் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ரப்பர் தோட்டத்து ஆபீசை மூடிவிட்டார்கள். வேலை இல்லாத ஆண்களை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். ஸ்டேஷன் முன்னால் நின்றவர்களை அப்படியே அள்ளிக்கொண்டு போனதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். நாடகக் குழுவில் இருப்பவர்களுக்கு மட்டும் குளுவாங்கில் இருக்கும் ஜப்பான் ஆபீஸ் கைப்பட்டை தரும். அதைக் கட்டியவனைத் தொட மாட்டார்கள். அதற்காகத்தான் லியோனார்ட் குழுவில் வயலின் வாசிக்கச் சேர்ந்திருந்தான். அந்த ஆபீசில் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியாக இருக்கும் ஐயாசாமி சனிக்கிழமை ஒத்திகை பார்க்க வருகிறார். 'படத்துல பறந்த மாதிரியே ராணி பறக்கணும். இல்லாட்டி நீங்க குழுவும் இல்ல, ஒண்ணும் இல்ல' என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆகவே அவள் புருஷன் இந்த ஊரில் இருப்பதும் இல்லாததும் இந்த அரைகுறைத் துணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சதாசிவம் வந்தார். வந்ததும் வராததுமாக, "கலர் தப்பும்மா," என்றார்.

"என்ன அண்ணே தப்பு?"

"கொசுவலைய நீ மஞ்சள்ல முக்கி வச்சிருக்கே. படத்துல வெள்ளை. நெலா வெள்ளை!"

"அண்ணே, நீங்க கொண்டாந்த கவுனே மஞ்சளாத்தானே இருக்கு?"

"படத்துல வெள்ளையா இருந்துச்சே."

"படத்துல எல்லாமே வெள்ளையும் கறுப்பும்தான். உங்க ராணி வெத்தலை போட்டிருந்தாக்கூட வாய் கறுப்பாத்தான் தெரிஞ்சிருக்கும்."

ராணி வேஷம் போடும் மணியம் ஓரமாக நின்று சிரித்தான். மரவள்ளிக்கிழங்கு தின்றே மெலிந்து போனவன். அளவு பார்க்கக் கவுனை மாட்டினால் உலர்த்தப் போட்ட துணி மாதிரி அவன்மேல் தொங்கியது. "அக்கா, இதுக்குள்ள என்னை மாதிரி இன்னொருத்தனை விடலாம் லா," என்றான்.

"கையை ஆட்டாம நில்லு. ஊசி குத்திடும்."

அவர்கள் போன பிறகு அவள் பழைய கவுனின் உள்பக்கத்தை ஆராய்ந்தாள். பாவாடை மேல்சட்டையோடு சேரவே இல்லை. தோளிலிருந்து இறங்கும் நாடாக்களில் தனியாகத் தொங்கியது. கீழ் விளிம்பில் மீன்வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகள், அவையும் பின்னால் ஒரு பக்கம் மட்டும். எவ்வளவு அலட்சியம்! அவள் கன்னியர் மடத்தில் தையல் படித்தவள். எதைத் தைத்துக் கொடுத்தாலும் சிஸ்டர் முதலில் உள்பக்கத்தைத்தான் புரட்டுவார். அங்கே ஒரு நூல் தொங்கினால் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். ஆண்டவர் உள்ளேதான் பார்க்கிறார் என்பார்.

செசிலியா தன் புதுக் கவுனில் எல்லாவற்றையும் சரிசெய்தாள். முதுகு வைத்தாள். விலாவை மூடினாள். பாவாடையை இடுப்பில் சுருக்கிச் சட்டையோடு சேர்த்தாள். குண்டுகளைச் சுற்றிலும் சமமாகப் பிரித்துக் கட்டினாள். கடையில் நூல் கிடைக்காத காலம்; அன்னாசி நாரிலிருந்து திரித்து வைத்திருந்தது அத்தனையும் தீர்ந்துபோனது. தைக்கத் தைக்க மனசு கொஞ்சம் அடங்கியது. உலகத்தில் எதையும் அவளால் ஒழுங்குக்குக் கொண்டுவர முடியவில்லை. இந்த ஒன்றையாவது கொண்டுவரலாம். பயத்தை இப்படி மடித்து, உள்ளே தள்ளி, மேலே தையல் போடத்தான் அவளுக்குத் தெரியும். லியோனார்ட் எட்டிப் பார்த்து, "அழகா இருக்கு செசி," என்றபோது, "விளக்கை மறைக்காதீங்க," என்று எரிந்து விழுந்தாள்.

சனிக்கிழமை, மூடிக் கிடந்த ரப்பர் ஸ்டோரில் ஒத்திகை. உத்தரத்தின்மேல் கயிறு போட்டிருந்தார்கள். ஐயாசாமி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மணியத்தின் இடுப்பு வாரில் கயிற்றை மாட்ட வந்தவன் விழித்தான். "அக்கா, விலாவை மூடிட்டீங்களே. கயிறு எப்படி உள்ள போவும்?"

"கழுத்து வழியா விடு," என்றாள், யோசிக்காமல்.

லியோனார்ட் வயலினை எடுத்தான். கயிறு ஏறியது. மணியமும் ஏறினான், பூனை குட்டியைக் கழுத்தில் கவ்வித் தூக்குவது போல. ராணி கைகளை விரித்ததும் பாவாடை முழுவதும் மேலே ஏறி, கட்டம் போட்ட அரைக்கால் சட்டை தெரிந்தது. சமமாகக் கட்டிய குண்டுகள் ஏறிய துணியை மடக்கிய குடையாகத் தொடைகளோடு சேர்த்து இறுக்கின.

"அலமாக்!" என்று அலறியது மேலிருந்து ராணியின் குரல். "கழுத்து போச்சு! எறக்குங்கடா!"

யாரோ சிரித்தார்கள். ஐயாசாமி சிரிக்கவில்லை. "என்ன சதாசிவம், பழத் தோட்டத்துல வவ்வால் தொங்குது?"

சதாசிவம் செசிலியாவைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு முகமெல்லாம் கொதித்தது. கோபம் யார்மேல் என்று தெரியாமல் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் புரிந்தது. அந்தக் கவுனைத் தைத்தவர் எழுந்து போகவில்லை. நிற்கிறவளுக்காக அவர் தைக்கவே இல்லை. படுத்த வாக்கில் பறக்கிறவளுக்கு, ஒரே பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தைத்தார். விலா திறந்திருந்தது கயிற்றுக்கு. பாவாடை தனியாகத் தொங்கியது, கை விரிந்தால் அது ஏறாமல் இருக்க. குண்டு பின்னால் மட்டும், துணி வால் மாதிரி நீள. தப்பு என்று அவள் மூடிய ஒவ்வொரு இடமும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"எறக்குங்க," என்றாள். கத்தரியை எடுத்துக்கொண்டு போய், எல்லார் முன்னாலும், பார்த்துப் பார்த்துப் போட்ட தையலைக் கிழித்தாள். நார் நூல் சுலபத்தில் விடவில்லை, பல்லாலும் இழுத்தாள். முதுகை அறுத்து எறிந்தாள். முன்பக்கத்துக் குண்டுகளைப் பிய்த்தாள். பாவாடையை நாடாக்களில் குண்டூசி குத்தித் தொங்கவிட்டாள்.

"அக்கா, குத்துது!"

"குத்தட்டும். பற!"

இந்தத் தடவை மணியம் சாய்ந்து எழுந்தான். கொசுவலை அவனுக்குப் பின்னால் நீண்டு அலைந்தது. நாற்காலிப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவன் உடம்பு இருந்த இடமே தெரியவில்லை, வெறும் மினுக்கம்தான். பக்கவாட்டில் நின்ற செசிலியாவுக்கோ வெற்று முதுகும், கயிறும், பிய்ந்த நூலும்தான் தெரிந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் பறந்தது.

"இதுதான் லா!" என்று ஐயாசாமி தொடையில் தட்டினார். பிறகு எழுந்து ஒவ்வொருவராகப் பார்த்துக் கைப்பட்டை கொடுத்துக்கொண்டு வந்தார். லியோனார்டிடம் வந்ததும் நின்றார். "வாத்தியம் வேண்டாம். ஆபீஸ் பேண்டு வாசிக்கும்."

லியோனார்ட், "சரிங்க சார்," என்றான். அவ்வளவுதான். சரிங்க சார்! செசிலியாவுக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"சார், அவருதான் உடுப்புக்காரர்," என்றாள்.

"யாரு, இவரா? நீதானே இப்போ கிழிச்சே?"

"ஊரூரா ராத்திரி நாடகத்துக்குப் பொம்பளை நான் எப்படி சார் போறது? ஒவ்வொரு தடவையும் கயிறு மாட்டிட்டு விலாவுல ஊசி குத்தணும். அவருக்குத்தான் தெரியும்."

"அப்படியா? எங்க, குத்து பார்ப்போம்."

வீட்டில் அறுந்த பொத்தானைக்கூடத் தைத்ததில்லை லியோனார்ட். ஊசிகளை வாங்கிக்கொண்டு மணியத்தின் பக்கத்தில் மண்டியிட்டான். அவன் விரல் நடுங்குவதை அவள் அன்றுதான் பார்த்தாள். இத்தனை நாளும் இவருக்குப் பயமே இல்லையென்று நினைத்து எரிந்துகொண்டிருந்தாள். அவரும் பயத்தை உள்ளே தள்ளித்தான் வைத்திருந்திருக்கிறார். முதல் ஊசி கோணல். இரண்டாவது மணியத்தின் சதையில் இறங்கியது. மணியம் கண்ணை மூடி, ராணியாகவே புன்னகைத்தான். வாயைத் திறக்காதே என்று செசிலியா தனக்கே சொல்லிக்கொண்டாள். தப்பான இடம், தப்பான மடிப்பு. கையை நகத்தால் அழுத்திக்கொண்டு நின்றாள்.

கயிறு ஏறியது. கவுன் கழலாமல் நின்றது.

ஐயாசாமி ஒரு கைப்பட்டையை எடுத்து நீட்டினார். "மெல்லமா குத்துய்யா. ராணி செத்துடப் போறா."

வீட்டுக்குப் போகும்போது ஸ்டேஷன் முன்னால் லாரி நின்றது. சிப்பாய் ஒருவன் இவர்கள் பக்கம் திரும்பினான். லியோனார்ட் வழக்கம்போல் வயலின் பெட்டியை மார்போடு அணைத்தபடி நடந்தான். கையில் கட்டிய பட்டை பெட்டிக்குப் பின்னால் மறைந்திருந்தது.

"கையைக் கீழ விடுங்க," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "அத மறைச்சுக்கிட்டா நடப்பாங்க?"

அவன் பெட்டியை மறு கைக்கு மாற்றினான். சிப்பாய் பட்டையைப் பார்த்தான், பிறகு வேறு யாரையோ பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் வெளிய," என்றாள் செசிலியா. "நல்லா தெரியட்டும்."