தொந்தி இருந்தால் வில்லன்

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கம்பெனியின் பின்பக்கம் ஓர் அறை உண்டு. தையல் மெஷின்களின் இரைச்சல் அவ்வளவாக எட்டாத அறை. தைத்த சட்டைகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து விழும். நூல் பிசிறு வெட்டி, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு மடிப்பது அங்கிருந்த பெண்களின் வேலை. கைக்கு ஓயாத வேலை. வாயை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். காதுக்குத்தான் ஒன்றும் இல்லாமல் இருந்தது. அதற்காக வைத்திருந்த ஆள்தான் ஊமச்சி.

ஊமச்சி ஊமை இல்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அக்காவின் பின்னாலேயே வேலைக்கு வந்தவள். யாராவது பெயர் கேட்டால்கூட அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள். ஆனால் கையில் எதையாவது கொடுத்து வாசிக்கச் சொன்னால் குரல் கணீரென்று வரும். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஒரு ஏற்பாடு. அவள் செல்போனில் தினமும் வரும் காதல் தொடரை வாசிப்பாள். அவள் பங்குப் பிசிறை மற்றவர்கள் வெட்டுவார்கள்.

அந்தத் தொடரின் நாயகன் ஆறடி உயரம். கண் கூர்மை, தாடை அதைவிடக் கூர்மை. "அதை வச்சே பிசிறு வெட்டலாம்டி" என்பாள் இஸ்திரிக்காரம்மா. பெரிய கம்பெனி முதலாளி. அந்தக் கம்பெனி சோப்பு செய்கிறதா, சவப்பெட்டி செய்கிறதா என்று இதுவரை தகவல் இல்லை. பொழுது விடிந்தால் நாயகியின் பின்னால் அலைகிறவனுக்கு அதைப் பார்க்க நேரம் ஏது? சிரிக்க மாட்டான். கோபம் வந்தால் சுவரைக் குத்துவான். நாயகிக்கு ஒரே வேலை, நடுங்குவது. அவன் கையை முறுக்கினால் அவளுக்கு வலிக்கும். அதற்குள் அவன் மேலிருந்து சென்ட் வாசனை வந்துவிடும், வலி போய்விடும். இப்படி ஒரு மருந்து எந்தக் கடையிலும் கிடைக்காது.

கதையில் ஒரு வில்லனும் உண்டு. நாயகியின் முறைமாமன், நிலத் தரகர். வழுக்கை, தொந்தி. பாவம், கதைக்குள் நுழையும்போதே வியர்த்துக்கொண்டுதான் நுழைவான்.

கேட்டவர்களில் அதிகம் உருகியவள் அக்கா. ஏனென்றால் அவளுக்கும் ஒரு நாயகன் கிடைத்திருந்தான். தெருமுனையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கம்பெனி என்று அதைச் சொல்ல முடியாது, ஆனால் தாடை இருந்தது. அவளுடைய போனைப் பழுது பார்த்துத் தந்தபோது, அவள் எங்கே இருக்கிறாள் என்று தனக்குத் தெரியும்படி அதில் ஓர் ஆப்பையும் போட்டுத் தந்தான். இலவசமாக. யாரோடு பேசினாள் என்று தினமும் சாயங்காலம் பார்ப்பான். தன்னை "நீங்க" என்றுதான் கூப்பிட வேண்டும் என்றான். இப்போது கடைசியாக வேலையை விடச் சொல்லியிருந்தான். அங்கே ஆம்பளைங்க இருக்காங்களாம். அந்தக் கம்பெனியில் இருந்த ஒரே ஆம்பளை கட்டிங் மாஸ்டர். கண்ணாடியைக் கழற்றினால் அவருக்குத் துணிக்கும் மேசைக்கும் வித்தியாசம் தெரியாது.

"என் மேல உசுரையே வச்சிருக்கான்" என்றாள் அக்கா, மூக்கும் கன்னமும் சிவக்க. "மாசக் கடைசியில நின்னுக்கிறேன்னு சூப்பர்வைசரம்மாகிட்ட சொல்லிட்டேன்."

ஊமச்சி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அக்கா வேலையை விட்டால் கையில் காசு இருக்காது, கூடப் பேச ஆள் இருக்காது. அவனும் அந்தப் போனும்தான் மிச்சம். சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. வழக்கம்போல அங்கேயே நின்றுகொண்டது.

மறுநாள் வாசிக்கும்போது ஒரு பிசகு நடந்தது. அவள் விரலில் ஒரு நூல் துண்டு ஒட்டியிருந்தது. திரையைத் தள்ளும்போது நடுவில் ஒரு பக்கம் எகிறிவிட்டது. முறைமாமன் கார் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான் என்பது வரைக்கும் வாசித்தவள், அடுத்து நாயகன் செய்ததையெல்லாம் அவன் தலையில் ஏற்றி வாசித்துவிட்டாள். நாயகியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். சுவரோடு சாய்த்தான். "எவன்கூடவாவது சிரிச்சுப் பேசின, கொன்னுடுவேன்" என்று அவள் காதில் சொன்னான்.

அறை கொதித்துவிட்டது.

"அடி செருப்பால!" என்றாள் இஸ்திரிக்காரம்மா. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியே பிடித்துவிட்டாள். "என்கிட்ட வந்து அப்படிச் சொல்லட்டும், மூஞ்சியில மடிப்பு எடுத்துடுறேன்."

"தொந்தியைப் பாரு, கொன்னுடுவானாம்ல!" என்றாள் பட்டன் வைக்கும் குண்டக்கா. அவளுக்கும் தொந்தி உண்டு. அது வேறு கணக்கு.

அக்காவும் விடவில்லை. "போலீஸ்ல புடிச்சுக் குடுக்கணும் இவனை எல்லாம். பொம்பளப் புள்ளைய என்னன்னு நெனச்சான்?"

ஊமச்சி திரையை மேலே தள்ளிப் பார்த்தாள். பிசகு புரிந்தது. திருத்தி வாசிக்கத்தான் வாயைத் திறந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கோபம் அவளுக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்தது! திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் நடந்தது பிசகு இல்லை. அன்று முறைமாமன், வியர்த்து வழிந்தபடியே, நாயகியின் போனை வாங்கி அதில் ஓர் ஆப்பைப் போட்டான். சாயங்காலம் ஆனால் யார் யாரோடு பேசினாய் என்று நோண்டினான். வேலைக்குப் போகாதே என்றான். என்னை மரியாதையாகக் கூப்பிடு என்றான். ஊமச்சியின் குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. திரையில் இருந்தது வேறு. நாயகனும் நாயகியும் மழையில் நனைந்துகொண்டிருந்தார்கள்.

"இவன்லாம் ஒரு மனுசனா?" என்றாள் குண்டக்கா. "அந்தப் பொண்ணுக்குத்தான் புத்தி எங்க போச்சு?"

"போனைக் குடுத்துட்டு நிக்குது பாரு, லூசு" என்றாள் இஸ்திரிக்காரம்மா.

 அக்காவின் கையில் இருந்த சட்டையில் ஒரே இடத்தில் ஊசி நாலைந்து தடவை ஏறி இறங்கியது.

சாப்பாட்டு இடைவேளையில் அக்கா தன் போனில் அந்த அத்தியாயத்தைத் தேடி எடுத்தாள். முந்தின நாள் அத்தியாயத்தையும் எடுத்தாள். படித்து முடித்ததும் எழுந்து நின்றாள்.

"இவ மாத்தி மாத்திப் படிக்கிறா. நேத்து கையைப் புடிச்சு இழுத்தது மாமன் இல்ல, ஹீரோ!"

எல்லாரும் ஊமச்சியைப் பார்த்தார்கள். ஒளிய அக்காவின் முதுகும் இல்லை. அந்த முதுகுக்காரி எதிரில் நின்று முறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹீரோவா?" என்றாள் குண்டக்கா. குரல் அப்படியே இறங்கிவிட்டது. "அப்ப ஆசையில பண்ணியிருப்பான்."

"ஆமா, அவன் கோவக்காரன்தானே" என்றாள் இஸ்திரிக்காரம்மாவும். சொல்லிவிட்டு யோசித்தாள். "ஏன்டி, நேத்து செருப்பால அடிக்கணும்னு நான்தானே சொன்னேன்? அப்ப நான் யாரைச் சொன்னேன்? தொந்தியையா?"

 அதே மணிக்கட்டு, அதே சுவர், அதே மிரட்டல். மாறியது இடுப்பு அளவு ஒன்றுதான்.

அக்கா விடவில்லை. "நேத்து சரி. இன்னிக்குப் படிச்சியே, போன், ஆப்பு, வேலைக்குப் போகாதே... அதெல்லாம் எங்கடி இருக்கு கதையில?"

ஊமச்சி போனைக் கீழே வைத்தாள். போனைப் பார்க்காமல் அந்த அறையில் அவள் அதுவரை எதையும் சொன்னதே இல்லை.

"கதையில இல்லக்கா."

அவ்வளவுதான் வந்தது. அது போதுமானதாக இருந்தது. இஸ்திரிக்காரம்மா அக்காவைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். லூசு என்று சொன்ன வார்த்தையை அவளால் திரும்ப எடுக்க முடியவில்லை. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். மணி அடிக்கும்வரை உள்ளே வரவில்லை. வந்த பிறகும் ஊமச்சிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் வாசலில் அவன் வண்டியில் சாய்ந்து நின்றான். வெயில் இறங்கிவிட்டது, கூலிங்கிளாஸ் இறங்கவில்லை. பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவன் நேராக வந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மத்தியானம் வாசல்ல போய் அரை மணி நேரம் நின்னிருக்க. யாருக்காக நின்ன?"

"யாருக்காகவும் இல்லைங்க. சும்மா."

"சும்மாவா? போனைக் குடு. வேலை இந்த மாசத்தோட சரின்னு சொல்லிட்டியா, இல்லையா? உன் மேல உசுரா இருக்கேன்ல, அதான் உனக்குத் திமிரு."

வார்த்தைக்கு வார்த்தை எல்லாம் அந்த அறை ஏற்கெனவே கேட்டதுதான். கேட்ட காதுகள் சுற்றி நின்றன. குண்டக்காவுக்கு முதலில் இருமல் வந்தது. இருமல் சிரிப்பாக மாறியது. அது அடுத்தவளுக்குத் தொற்றியது. யாரும் திட்டவில்லை, யாரும் கை ஓங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள்.

"என்ன இளிப்பு?" என்றான் அவன். கூலிங்கிளாஸைக் கழற்றினான். அது இல்லாமல் அவன் கண் சாதாரணமாக, கொஞ்சம் பயந்த மாதிரிகூட இருந்தது. நெற்றியில் வியர்த்திருந்தது.

அக்கா அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். 

"கையை எடு" என்றாள் அக்கா.

"என்னது?"

"தொந்தி ஒண்ணுதான் உனக்கு இல்ல. கையை எடு."

அவன் சுவரைக் குத்தவில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் சுவர் உண்மையாகவே கெட்டியாக இருக்கும். வண்டியை இரண்டு முறை உதைத்தான், அது கிளம்பவில்லை. மூன்றாவது உதையில் கிளம்பிப் போனான்.

இதோடு எல்லாம் சுபம் என்று நினைக்கத் தொடர்கதைதான் படிக்க வேண்டும். அக்கா அன்று வீட்டுக்கு வந்ததும் குப்புறப் படுத்து அழுதாள். அவன் மேல் இருந்த ஆசை அழுகையோடு போய்விடவும் இல்லை. போன் விடாமல் அடித்தது, ஒரு தடவை எடுக்கக்கூடப் பார்த்தாள். பிறகு அதை அணைத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். ஊமச்சி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். "போடி, உன் மூஞ்சியைப் பார்க்கவே புடிக்கல" என்று சொல்லிவிட்டு வாங்கிக் குடித்தாள்.

காலையில் அவன் கடை இருந்த பக்கம் போகாமல், சுற்று வழியில் இருவரும் நடந்தார்கள். அக்கா முன்னால், ஊமச்சி பின்னால். கம்பெனி வாசலில் சூப்பர்வைசரம்மா வருகைப் பதிவேட்டோடு நின்றிருந்தார்.

"என்னம்மா, வர்ற மாசத்துல இருந்து வரமாட்டேன்னியே, உன் இடத்துக்கு வேற ஆள் பார்க்கட்டுமா?"

அக்காவின் கண் இன்னும் வீங்கித்தான் இருந்தது.

"யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு, அவரைத் தாண்டி உள்ளே போய், முதல் மூட்டையை அவிழ்த்தாள்.